கண்ணாடி ஏன் ஏறவில்லை?

சூலைத் திங்களில் ஒரு மாலைப் பொழுது. மும்பையின் தாதர் தொடர்வண்டி நிலையத்திற்கு வெளியே ஒரு மகிழுந்து நிற்கிறது. சென்னையிலிருந்து வரும் பாட்டியை அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் காத்திருக்கிறது. தொடர்வண்டி வரத் தாமதமாயிற்று. பின்னிருக்கையில் இருந்த சிறுவன் பொழுது போகாமல் கதவின் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். வானம் இருண்டு முதல் துளி விழுந்தபோது, கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுவிட்டது.

“மோட்டார் பழுதாகிவிட்டது போலும். நாளை பணிமனையில் விட்டுப் புதிதாக மாற்ற வேண்டியதுதான்” என்றார் தந்தை.

“எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டனவா அப்பா, இது மட்டுமா?” என்று கேட்டாள் மகள்.

பழுதைக் கண்டறியும் முறை இத்தகைய வினாவில்தான் தொடங்குகிறது. எது கெட்டது என்று ஊகிப்பதற்கு முன், எது நன்றாக இருக்கிறது என்று அறிய வேண்டும்.

மின்சாரம் செல்லும் வழி

மகிழுந்தின் மின்கலம் (பேட்டரி) ஏறத்தாழ 12 வோல்ட் மின்னழுத்தம் தருவது. அதிலிருந்து புறப்படும் மின்சாரம் முதலில் உருகியைக் (ஃபியூஸ்) கடக்கிறது. அளவுக்கு மிகுந்த மின்சாரம் பாய்ந்தால் அதனுள் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை உருகி, இணைப்பைத் துண்டித்துவிடும். உருகுவதனாலேயே அதற்கு உருகி என்று பெயர்.

அடுத்து மின்சாரம் கதவில் உள்ள சொடுக்கிக்கு (சுவிட்ச்) வருகிறது. சொடுக்கியை ஒருபுறம் அசைத்தால் மின்னோடி (மோட்டார்) ஒரு திசையில் சுழலும். மறுபுறம் அசைத்தால் மின்சாரத்தின் திசை மாறுவதால் மின்னோடியும் எதிர்த்திசையில் சுழலும். அச்சுழற்சியைப் பற்சக்கரங்களும் கம்பி வடமும் அல்லது கத்தரிக்கோல் வடிவக் கைகளும் ஏற்ற இறக்க அசைவாக மாற்றுகின்றன. இப்பொறியமைப்பைப் பணிமனைகளில் ரெகுலேட்டர் என்பர். கண்ணாடி, இருபுறமும் உள்ள ரப்பர்த் தடத்தில் வழுக்கி ஏறுகிறது.

மின்கலம், உருகி, சொடுக்கி, கம்பி, மின்னோடி, பொறியமைப்பு, ரப்பர்த் தடம் ஆகிய இவற்றுள் எந்த ஒன்று தடைப்பட்டாலும் கண்ணாடி நின்றுவிடும். ஆகவே மின்னோடியை மட்டும் குறைகூறுவது முறையன்று.

வினாக்களின் வரிசை

முதல் வினா: நின்றது ஒரு கண்ணாடியா, அனைத்துமா? அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், நான்கு மின்னோடிகளும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை பகிர்ந்துகொள்ளும் பகுதியில்தான் குறை இருக்கும். சாவி உரிய நிலையில் உள்ளதா, மின்கலம் வலுவிழந்ததா, பொதுவான உருகி உருகியதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நின்றிருந்தால், அந்தக் கதவுக்குரிய பகுதிகளை ஆராய வேண்டும்.

இரண்டாம் வினா: எந்தச் சொடுக்கியால் இயங்கவில்லை? ஓட்டுநரின் கதவில் உள்ள சொடுக்கியால் ஏறி, பின்கதவின் சொடுக்கியால் ஏறவில்லை எனில், கண்ணாடிப் பூட்டுப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கலாம். சிறுவர்கள் கண்ணாடியை இயக்காதபடி தடுக்க அமைந்த பொத்தான் அது. அதனை விடுவித்தும் பயனில்லை எனில், பின்கதவின் சொடுக்கியிலோ அதன் இணைப்பிலோ குறை இருக்கலாம்.

மூன்றாம் வினா: கதவினுள் ஒலி கேட்கிறதா? மின்னோடி சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், வடம் அறுந்திருக்கலாம் அல்லது பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். கண்ணாடி மெல்ல மெல்ல, திக்கித் திக்கி ஏறினால், ரப்பர்த் தடத்தில் தூசி படிந்திருக்கலாம் அல்லது ரப்பர் காய்ந்து இறுகியிருக்கலாம். ஒலியே இல்லை எனில், மின்சாரம் மின்னோடிக்குச் சென்று சேரவில்லை அல்லது மின்னோடியே பழுதாகியிருக்கிறது.

நான்காம் வினா: கதவைச் சற்றுத் திறந்தால் இயங்குகிறதா? கதவுக்குச் செல்லும் கம்பிகள் கீலுக்கு அருகில் ஒரு ரப்பர்க் குழாய் வழியே செல்கின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து நிமிர்கின்றன. பல ஆண்டுகளில் ஒரு கம்பி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடக்கூடும். கதவு ஒரு நிலையில் இருக்கும்போது மட்டும் கண்ணாடி இயங்கினால், அவ்விடத்தில் கம்பி முறிந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

ஐந்தாம் வினா: நிற்பதற்கு முன் என்ன நடந்தது? இடைவிடாமல் இயக்கினால் மின்னோடி சூடேறும். கருகிப் போகாதபடி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் வெப்பக் காப்பு பல மின்னோடிகளில் உண்டு. சில நிமிடங்கள் ஆறவிட்டால் அது மீண்டும் இயங்கும்.

செய்யத்தகாதவை

உருகி உருகியிருந்தால் அதே அளவுள்ள உருகியையே பொருத்த வேண்டும். மகிழுந்துகளில் பரவலாகப் பயன்படும் தட்டை உருகிகளில் அளவை நிறம் காட்டும்: 20 ஆம்பியர் மஞ்சள், 30 ஆம்பியர் பச்சை. அடிக்கடி உருகுகிறதே என்று 20 இருந்த இடத்தில் 30-ஐப் பொருத்தினால், உருகி உருகுவதற்கு முன் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக அது முடியும்.

கதவின் உட்பலகையைத் தாமே கழற்றுவதும் தகாது. பிடிப்பிழந்த கண்ணாடி சட்டென்று விழுந்து கையை நசுக்கலாம். அது பயிற்சி பெற்ற இயந்திரப் பணியாளரின் வேலை.

கண்ணாடியும் குழந்தைகளும்

ஏறும் கண்ணாடிக்கு இடையில் விரலோ கழுத்தோ சிக்கினால் பெருந்தீங்கு நேரும். தலையை வெளியே நீட்டிய குழந்தையின் முழங்கால் பழைய வகைச் சொடுக்கியின் மீது பட்டாலே கண்ணாடி ஏறிவிடும். ஆகவேதான் புதிய வண்டிகள் பலவற்றில், மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும்படி சொடுக்கியை அமைக்கின்றனர். தடை ஏற்பட்டால் தானே கீழிறங்கும் கண்ணாடிகளும் உண்டு. ஆயினும் அவ்வசதி எல்லா வண்டிகளிலும், எல்லாக் கதவுகளிலும் இருப்பதில்லை.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. பெரும்பாலான வண்டிகளில், சாவியை எடுத்துச் சென்ற பிறகு கண்ணாடி இறங்காது. உள்ளே இருக்கும் குழந்தை எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. வெயிலில் நிற்கும் மூடிய வண்டி விரைவில் அடுப்புப் போலாகிவிடும். ஆதலால் ‘ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்’ என்று சொல்லியும் குழந்தையை வண்டியில் தனியே விட்டுச் செல்லுதல் கூடாது.

மழையில் ஒரு விடை

தாதரில் மகள் ஒவ்வொரு வினாவாகக் கேட்டாள். மற்ற மூன்று கண்ணாடிகளும் ஏறி இறங்கின. பழுதான கண்ணாடி ஓட்டுநரின் சொடுக்கிக்கும் அசையவில்லை. ஒலியும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தும் மாற்றமில்லை. இறுதியில் அவள் தம்பியை நோக்கி, “எத்தனை முறை ஏற்றி இறக்கினாய்?” என்றாள். அவன் தலைகுனிந்தான்.

“சரி, சிறிது நேரம் ஆறட்டும்” என்றார் தந்தை. தம்பி இறங்கி, திறந்திருந்த இடைவெளியைக் குடையால் மறைத்தபடி நனைந்துகொண்டே நின்றான். கால் மணி நேரம் கழித்துத் தந்தை சொடுக்கியை இழுத்தார். கண்ணாடி மெல்ல ஏறி மூடிக்கொண்டது. புதிய மின்னோடி வாங்கும் செலவு மிஞ்சியது. பாட்டி அமரவேண்டிய இருக்கையும் நனையவில்லை.

பயிற்சி

1. நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றால் முதலில் எவற்றைப் பார்க்க வேண்டும்? ஏன்?
2. ‘உருகி’ என்பது செயலால் அமைந்த பெயர். இதுபோன்ற பெயர்கள் மூன்றினை எழுதுக.
3. உங்கள் வீட்டு மின்விசிறி நின்றுவிட்டது எனக் கொண்டு, அதன் பழுதைக் கண்டறிய நான்கு வினாக்களை வரிசைப்படுத்தி எழுதுக.