புராஸ்டேட் புற்றுநோய்: எவ்வளவு பயப்படணும்?

ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால், எங்கள் ராசிங்காபுரத்துப் பெரியவர்கள் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது புராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கம்தான். அந்த வீக்கமும், சிறுநீர்த் தொற்றும்கூட ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவை ஏற்றிவிடும். ஆகவே பிஎஸ்ஏவை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. திசுவை எடுத்துப் பார்த்துச் சொல்லும் கிளீசன் எண்தான் முக்கியம். 6 என்றால் மெதுவாக வளர்வது. 8, 9, 10 என்றால் வேகமானது.

பிரிட்டனில், பிஎஸ்ஏ சோதனையில் ஆரம்பத்திலேயே நோய் தெரிந்த 1643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2023இல் வெளியான 15 வருடக் கணக்கில், எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். (கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியது மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.)

அப்போ நாமும் நிம்மதியாக இருக்கலாமா? அது சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு. இந்தியாவில் பலர் நோய் எலும்புக்குப் போன பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, இடுப்புவலிக்குத் தைலம் தேய்த்தே நாளைக் கடத்தும். அறுபது தாண்டியவருக்கு, ஓய்வெடுத்தும் விடாத வலி என்றால் ஒரு பிஎஸ்ஏ பார்த்துவிடுங்கள். கூடவே கால் மரத்து, சிறுநீரும் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம்.