அந்த இருபது நிமிடம்

காலண்டரில் பார்த்து வாய்பிளக்கிறோமே, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் இரவுப் படம், அது பெரும்பாலும் இரவில் எடுத்ததே இல்லை! பொழுது சாய்ந்த இருபது நிமிடத்துக்குள், வானம் மைநீலத்தில் இருக்கும்போதே எடுத்தது. ஒன்பது மணிக்கு எடுத்தால் வானம் வெறும் கரி. கோபுரத்தின் விளிம்பே தெரியாது.

அந்தப் படம் எடுக்க, புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டத்து இருட்டில் வளர்ந்த கண்ணோடு கே.எல். கோபுரத்தின் பார்வைத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள், கால் தரையில் நிற்காது! 421 மீட்டர் கோபுரம்; தளம் 276 மீட்டரில். அது நிற்கும் புக்கிட் நானாஸ் குன்றின் உயரம் வேறு கூடுதல்.

நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏழிலிருந்து ஏழரைக்குள் பொழுது சாயும். அதன் பிறகுதான் ஓட்டம்! இரட்டைக் கோபுரம் இருப்பது வடகிழக்குப் பக்கம். அங்கே வானம் முதலில் கறுக்கும். அதை முதலில் எடுத்துவிட்டு, தளத்தைச் சுற்றி ஓடி, தெற்கில், சற்றே மேற்கை ஒட்டி நிற்கும் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118-ஐப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் செம்மை இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

படக்காரர்களின் பையில் எனக்கு மிகவும் பிடித்தது கேமரா அல்ல, ஒரு முழம் கறுப்புத் துணி. லென்சைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துத் துணியால் சுற்றி மூடுகிறார்கள். உள்விளக்கு, பின்னால் நிற்பவரின் சட்டை, கைப்பேசி வெளிச்சம் எதுவும் படத்தில் விழாது. துணியை எடுத்தால் நகரத்தின் நடுவே நம் முகமே மிதக்கும்!

ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 8, ஷட்டர் நான்கு வினாடியில் தொடங்கி இருட்ட இருட்ட எட்டு, பதினைந்து. கை படாமல் இருக்க இரண்டு வினாடி டைமர். கீழே கார் விளக்குகள் சிவப்பு நூலாக இழைகின்றன, அடடா! இரட்டைக் கோபுரத்தின் வெள்ளை விளக்கு மட்டும் பொல்லாதது. எஃகும் கண்ணாடியும் போர்த்திய அந்த உடம்பு வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். அதற்கென்று குறைந்த நேரத்தில் தனியாக ஒரு படம் எடுத்து, பிறகு இரண்டையும் கணினியில் சேர்க்கிறார்கள்.

மாலை மழை பெய்து விட்டதா? உடனே கிளம்புங்கள், காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும். புகைமூட்டம் என்றால் வீட்டிலேயே இருங்கள். முக்காலிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிரம்பானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆறரைக்கெல்லாம் கண்ணாடி ஓரத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.