உடையும் படமும் உப்புக் காற்றும்

1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே தொலைக்காட்சி பார்த்தவர்கள், கூரைக்கு மேலே உயர்ந்து நின்ற அன்ரனாக் குழாயை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். இலங்கை ரூபவாஹினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆயினும் குடாநாட்டின் அன்ரனாக்கள் பல மேற்கே, கடலுக்கு அப்பாலுள்ள கொடைக்கானல் மலையை நோக்கியே நின்றன. இடைத்தூரம் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். வானலை பெரும்பாலும் நேராகச் செல்வது, பூமியோ வளைந்தது. ஆகவே மலையுச்சியிலிருந்து புறப்படும் அலையும் 200 கிலோமீற்றர் அளவிலே தரையை விட்டு மேலெழுந்துவிட வேண்டும். ஆனால் கடலின்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் அடுக்காகத் தங்கும் வேளைகளில், அவ்வலை வளைந்து நீர்ப்பரப்பை ஒட்டியே ஓடிவரும். அன்று படம் பளிச்செனத் தெரியும். மறுநாள் திரை முழுவதும் புள்ளி மழை பொழியும். பையன் ஒருவன் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்புவான். உள்ளிருந்து ஒருவர், "இன்னும் கொஞ்சம் திருப்படா" என்று குரல் கொடுப்பார்.

அந்தப் பழக்கமே இன்று பலரை வழிதவறச் செய்கிறது. பழைய முறையிலே சமிக்ஞை தேயத் தேயப் படமும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. குறை முன்னரே தன்னைக் காட்டிக்கொண்டது. இப்பொழுது கேபிள் வழியே வரும் உயர்தெளிவுப் படமோ எண்களாக மாற்றப்பட்டு வருகிறது. எண்களைப் பெட்டி படிக்க முடிந்தவரை படத்தில் மாசு மறு இராது. படிக்க முடியாத எல்லையைத் தொட்டவுடன் படம் கட்டங் கட்டமாக உடைந்து, உறைந்து, மறைந்துவிடும். ஆதலால், "நேற்று வரை நன்றாக இருந்ததே, பெட்டிதான் பழுது" என்று முடிவு கட்டி, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தில் புதிய தொலைக்காட்சி வாங்குவோர் உளர். நல்லூர்த் தேர் நாளன்று புதுப் பெட்டியிலும் அதே படம் உடையும். நேற்றும் சமிக்ஞை பள்ளத்தின் விளிம்பிலேதான் நின்றது என்பதை அவர்கள் அறியவில்லை.

குறை எங்கே என்று அறிய முதலிற் செய்யவேண்டியது, எந்த அலைவரிசைகள் உடைகின்றன என்று கவனிப்பதே. ஒரே மீடிறனில் பல அலைவரிசைகள் கூட்டாக அனுப்பப்படுகின்றன. அக்கூட்டம் முழுவதும் சேர்ந்து உடைந்து மற்றவை நன்றாயிருப்பின், பெட்டியைக் குறை கூறுவதற்கில்லை. கம்பியில் ஏற்படும் இழப்பு மீடிறன் உயர உயரக் கூடும்; ஆகவே உயர்ந்த மீடிறனில் வருவனவே முதலில் விழும். உயர்தெளிவு அலைவரிசைகளை எண்களை மேலும் நெருக்கி அடுக்கும் முறையில் அனுப்புவதும் உண்டு. அவற்றுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் தூய்மையான சமிக்ஞை தேவை. சாதாரண அலைவரிசை தெரிய, உயர்தெளிவு மட்டும் உடைவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இனி வீட்டுக்குள் வருவோம். முன்கூடத்துக்கு வந்த ஒரு கம்பியைப் பிரிப்பான் வைத்து அறைக்கு அறை பகிர்வது வழக்கம். இருவழிப் பிரிப்பான் சமிக்ஞையைப் பாதியாக்குகிறது, நடைமுறையில் 3.5 டெசிபெல் வரை போகும். அதன்பின் இன்னொன்றை வைத்தால் எஞ்சுவது காற்பங்குக்கும் குறைவு. அதற்கு மேல் 30 மீற்றர் கம்பி சுவரோடு சுற்றிச் சென்றால், உயர்ந்த மீடிறன்களில் மேலும் 6 டெசிபெல் அளவில் கரையும். பூஸ்டர் வாங்கிப் பெட்டியருகே வைத்தால் என்ன என்று கேட்கலாம். பூஸ்டர் சமிக்ஞையோடு இரைச்சலையும் பெருக்கும். இழந்த தூய்மையை அது மீட்டுத் தராது. முற்காலத்தவர் பூஸ்டரை அன்ரனாவின் தலையிலேயே, இழப்பு நேருமுன் கட்டினார்கள். அது சரியான அறிவு. பயன்படாத பிரிப்பான் வாயை 75 ஓம் மூடி கொண்டு அடைப்பதும் நலம். திறந்த வாயிலிருந்து சமிக்ஞை திரும்பிப் பாயும்.

குடாநாட்டுக்கே உரிய பகைவன் உப்பு. கடலுக்கோ களப்புக்கோ வெகுதொலைவான ஊர் இங்கு இல்லை. வெளிச்சுவரில் முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றிய இணைப்புக்குள் ஈர உப்புக் காற்று புகுந்து செம்பைப் பச்சையாக்கும். கார்த்திகை மார்கழி மழையில் அதே துளை வழியே நீர் இறங்கிக் கம்பியின் பின்னலை நனைக்கும். மழை நாளில் உடைந்து வெயிலேறத் தெளியும் படம் இவ்விணைப்பையே சுட்டுகிறது. முறுக்கிய இடத்தை வெட்டி எறிந்து, திருகும் முனையை முறையாகப் பொருத்தி, நீர்புகா உறை இடவேண்டும். வீட்டினுள் நுழையுமுன் கம்பி சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு விட்டால், மழைநீர் அவ்வளைவிலே சொட்டிவிடும். செலவில்லாத இவ்வேலையைச் செய்தவர் சிலரே! அணில் கடித்த கம்பியை ஒட்டுவதிலும் மாற்றுவதே மேல்.

வேறொரு முறைப்பாடும் உண்டு. படம் உடைவதில்லை, ஆனால் மங்கலாயிருக்கிறது. பெட்டியின் பின்புறம் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள பழைய வயர் செருகப்பட்டிருக்கும். அது 720க்கு 576 புள்ளிகளுக்கு மேற்பட்ட படத்தைத் தராது. உயர்தெளிவுப் படமோ 1920க்கு 1080, ஐந்து மடங்கு. எச்.டி.எம்.ஐ. வயரொன்று மாற்றினால் போதும்.

கம்பத்துக் கம்பியில் வீட்டார் கை வைத்தலாகாது. அருகில் மின்கம்பி செல்லும். இடி முழக்கத்தின்போது கேபிளையும் மின்செருகியையும் கழற்றி வைத்தல் வேண்டும். கேபிள்காரர் வரும்போது, எந்த அலைவரிசை, எந்த நேரம், மழையிலா வெயிலிலா என்று குறித்துவைத்த தாளைக் கொடுத்து, முதற் பிரிப்பானுக்கு முன்னே மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அங்கேயே அளவு குறைந்தால் பழுது தெருவில். அங்கே நிறைந்து அறையிற் குறைந்தால் பழுது வீட்டுக்குள்.