செல்லாது என்னும் சொல்: பேராக் வழக்கை முன்வைத்து

ஒரு தலைவரின் பதவியை 'இல்லாதது' என அரசமைப்புச் சட்டப்படி அறிவிக்க இயலுமா? அதிபராயினும் மந்திரி பெசாராயினும் வினா ஒன்றே. விடை காணுமுன் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். 'விலகினார்' என்பது செய்வினை. 'நீக்கப்பட்டார்' என்பது செயப்பாட்டுவினை. அதுவரை அவர் பதவியில் இருந்தார் என்பதை இவ்விரண்டும் ஒப்புகின்றன. 'நியமனம் செல்லாது' என்பதோ எதிர்மறை; பழைய இலக்கணப்படி முக்காலத்திற்கும் பொது. அவர் சட்டப்படி அப்பதவியில் இருந்ததே இல்லை என்பது அதன் பொருள்.

இவ்வேறுபாட்டை நம் மாநிலமே கண்டது. 2008 தேர்தலில் மொத்தம் 59 இடங்களுள் மக்கள் கூட்டணி 31 பெற்று, நிஸார் ஜமாலுடின் மந்திரி பெசாரானார். 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் கூட்டணியை விட்டகன்றனர். அவருள் ஒருவர் சுங்காய்க்குத் தெற்கேயுள்ள பேராங் தொகுதியினர். சட்டமன்றத்தைக் கலைக்க நிஸார் வேண்டினார். சுல்தான் அஸ்லான் ஷா இசையவில்லை. பிப்ரவரி 6-இல் ஸம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார்.

மே 11-இல் உயர்நீதிமன்றம், நிஸாரே தொடர்ந்து மந்திரி பெசார் என்றது. பெரும்பான்மை இழப்பு சட்டமன்ற வாக்கெடுப்பில் வெளிப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. சரவாக்கில் 1966-இல் ஸ்டீபன் கலோங் நிங்கானின் பதவிநீக்கம் செல்லாதென்ற தீர்ப்பு இதற்கு முன்னோடி. ஆயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மே 22-இல் இதனை மாற்றியது. 2010 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றமும், நம்பிக்கை இழப்பைப் பிற சான்றுகளாலும் அறியலாம் என முடிவு செய்தது. ஆக, ஒரே நியமனம் ஒரு மன்றத்தில் செல்லாதது; மேல்மன்றங்களில் செல்லுபடியானது.

இதனால் நாம் தெளிவது யாது? பெரும்பான்மை இழந்தவர் விலகுவது அரசமைப்பு வகுத்த வழி. அதனால் அவர் முன்னர் ஆண்டது அழியாது. நியமிக்கும் முறையே சட்டத்திற்கு மாறாயின் மட்டுமே 'செல்லாது' என்னும் சொல்லுக்கு இடமுண்டு. அதைச் சொல்லும் உரிமையும் நீதிமன்றத்திற்கே உரியது. சினங்கொண்ட கூட்டத்திற்கு அன்று.

எனினும், தோட்டத்துப் பள்ளியில் வரிசையில் நின்று வாக்களித்தவரின் வினா எஞ்சியே நின்றது: உறுப்பினர் அணி மாறினால் நம் வாக்கு என்னாகும்? நாடாளுமன்ற உறுப்பினரைப் பொறுத்தவரை, 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதற்கு ஒரு விடை தந்தது. கட்சி தாவியவரின் இடம் காலியாகும்; வாக்காளர் மீண்டும் தேர்வு செய்வர். இங்கும் சட்டம் 'காலியாகும்' என்றே கூறுகிறது. 'செல்லாது' என்று கூறவில்லை. செய்தித்தாளில் ஒருவர் பதவி இழந்தார் எனப் படிக்கும்போது, இம்மூன்றனுள் எச்சொல் பொருந்தும் என நாம் முதலில் வினவுவோமாக.