88 ரூபாய் பிடித்தமா, 81,900 ரூபாயா? பனியன் கம்பெனி பெண்களுக்கு ஒரு பிரசவக் கணக்கு



திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆடிட் போயிருந்தேன். சனிக்கிழமை, சம்பள நாள். பவர்டேபிள் டெய்லர் ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி நாலு மாசம். கணக்காளர்கிட்ட வந்து, “எனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்காதீங்ணா, முழுசா கையில குடுத்துருங்க”ன்னு கேட்டாங்க.

இதைத் திருப்பூரில் நான் நிறைய தடவை கேட்டிருக்கேன். பிடிக்கிற பணம் கண்ணுக்குத் தெரியுது. திரும்பி வரப்போற பணம் தெரியல. அன்னைக்கு அவங்களுக்குப் பேப்பரில் போட்டுக் காட்டின கணக்கை உங்களுக்கும் சொல்றேன்.

88 ரூபாய்க்கு என்ன வரும்?

ஒரு நாள் கூலி 450 ரூபாய், மாசம் 26 நாள் வேலைன்னு வெச்சுக்குவோம். சம்பளம் 11,700. இதில் உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது 88 ரூபாய். கம்பெனி தன் கையிலிருந்து 3.25 சதவீதம், 381 ரூபாய் கட்டணும்.

இப்போ பிரசவம் வருது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதாவது 182 நாள் முழுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். 182 × 450 = 81,900 ரூபாய். வருஷம் முழுக்க நீங்க கட்டினது 1,056 ரூபாய்தான்! 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். கருச்சிதைவு ஆனாலும் 6 வாரச் சம்பளம் உண்டு. பரிசோதனை, பிரசவம், மருந்து எல்லாம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இலவசம்.

இன்னொரு விஷயம். 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற இடம், மாசச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். பீஸ் ரேட், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அப்படித்தான். வேண்டாம்னு சொல்ற உரிமை தொழிலாளிக்கும் இல்லை, சரின்னு சொல்ற உரிமை முதலாளிக்கும் இல்லை.

ஒன்பது மாசக் கணக்கு

நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். “கர்ப்பம் ஆனதும் சேர்ந்துக்கலாம்”னு நினைக்கிறாங்க.

எனக்குத் தெரிந்த செக்கிங் அக்கா ஒருத்தர் அப்படித்தான் ஆகஸ்டில் சேர்ந்தாங்க. மார்ச்சில் பிரசவம். சிகிச்சை கிடைச்சது, ஏன்னா மருத்துவ வசதி சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் சம்பளப் பணம் ஒரு ரூபாய்கூட வரல. முதல் முறை சேர்கிறவர்களுக்குப் பண உதவிக் காலம் 9 மாசம் கழிச்சுத்தான் தொடங்கும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு மே மாசம்தான். வீட்டு வாடகைக்குக் கழுத்துச் செயினை அடகு வெச்சாங்க.

கர்ப்பத்துக்கும் ஒன்பது மாசம், இதுக்கும் ஒன்பது மாசம். அதனால் கல்யாணத்துக்கு முன்னாடியே, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பதிவு ஆகணும்.

ஏற்கெனவே பதிவில் இருக்கிறவங்களுக்கு 70 நாள் கணக்கு. பிரசவம் ஜூலை முதல் டிசம்பருக்குள் என்றால், அதே வருஷம் மார்ச்சோடு முடிந்த 12 மாசத்தில் 70 நாளுக்குச் சந்தா இருக்கணும். ஜனவரி முதல் ஜூனுக்குள் என்றால், முந்தின வருஷம் செப்டம்பரோடு முடிந்த 12 மாசத்தைப் பார்ப்பாங்க.

கம்பெனி மாறும்போது

நம்ம ஊரில் தீபாவளி போனஸ் வாங்கினதும் கம்பெனி மாறுவது சகஜம். புது இடத்தில் புது இ.எஸ்.ஐ. எண் போட்டால் நாள் கணக்கு இரண்டாப் பிரிஞ்சிடும். உங்க 10 இலக்க எண் வாழ்நாளுக்கும் ஒன்றுதான். அதையே கொடுங்க.

சம்பளத்தில் பிடிச்சுட்டு கம்பெனி கட்டாமல் விட்டால்? சட்டம் பார்ப்பது உங்களுக்காகச் செலுத்த வேண்டிய சந்தாவை. கட்டாதது கம்பெனியின் குற்றம். சம்பளச் சீட்டைப் பத்திரமா வெச்சுக்கிட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் புகார் கொடுங்க. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவங்களுக்கு?

வீட்டில் பிசிறு வெட்டுகிறவங்க, சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் இருக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. 2011-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு.

அடுத்தது, தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். ஏழைக் குடும்பம், 19 வயது நிறைவு, முதல் இரண்டு பிரசவம். மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாகத் தவணைகளில், 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். இதுக்கு முதல் 12 வாரத்துக்குள் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி பிக்மி எண் வாங்கிடுங்க. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேணும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. உங்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கம்பெனியில் கேட்டு எழுதி வைங்க.
2. உமாங் ஆப்பில் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்குன்னு பாருங்க.
3. பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு ஆதாரோடு பொருந்துதான்னு சரிபாருங்க. பணம் நேரா வங்கிக்குத்தான் வரும். பிரசவத்துக்குத் தாய் வீடு போனாலும் கவலை இல்லை.

அந்தப் பொண்ணு பேப்பரை ரெண்டு தடவை பார்த்துட்டு, “அப்ப பிடிச்சுக்கங்ணா”ன்னு சொல்லி, அதை மடிச்சுப் பையில் வெச்சுக்கிட்டுப் போனாங்க. உங்க லைனில் கல்யாணம் ஆகப்போற தங்கச்சி யாராவது இருந்தா, இதை இன்னைக்கே அனுப்பிடுங்க. உமாங் ஆப்பில் எப்படிப் பார்ப்பதுன்னு அடுத்த வீடியோவில் காட்டுறேன்.