பென்சில் இல்லாமல் போட்ட கணக்கு

கைபேசி வரைபடத்தில் போக வேண்டிய இடத்தைத் தட்டியதும் நீலக்கோடு ஒன்று விழுகிறதல்லவா? அந்தக் கணக்கின் வேர் 1956இல் ஆம்ஸ்டர்டாமின் ஒரு காபிக் கடையில் இருக்கிறது. கடைவீதியில் சுற்றிய களைப்பில், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணோடு அங்கே வந்து உட்கார்ந்தார் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. காபி தீர்வதற்குள், சுமார் 20 நிமிடத்தில், மனக்கணக்காகவே விடை வந்துவிட்டது.

அவர் வேலை பார்த்த கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதுக் கணினிக்குத் திறப்பு விழா. கணிதம் அறியாத விருந்தாளிக்கும் புரிகிற மாதிரி எதையாவது செய்துகாட்ட வேண்டும். நெதர்லாந்தின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டார். ஊரின் எண்ணைக் குறிக்க ஆறு பிட் போதும் என்பதால் 64. ஏதாவது இரண்டு ஊரைச் சொன்னால் குறைந்த தூர வழியைக் கணினி சொல்ல வேண்டும்.

அவர் கண்ட முறை இதுதான். ரோட்டர்டாமில் கிளம்புகிறோம். கௌடா 20 கி.மீ., ஹேக் 25, நேர்ச்சாலையில் உட்ரெக்ட் 60 என்று வைத்துக்கொள்வோம். மிக அருகில் இருக்கும் கௌடாவை முதலில் உறுதி செய்துவிடலாம். வேறு எந்த ஊரைச் சுற்றி வந்தாலும் 20-க்குக் குறையாது. கௌடாவிலிருந்து உட்ரெக்ட் 35 என்றால் மொத்தம் 55. எழுதிவைத்த 60-ஐ அடித்துவிட்டு 55 என்று திருத்துகிறோம். ஆனால் உட்ரெக்டை இன்னும் உறுதி செய்யக்கூடாது. ஹேக் 25-இல் நிற்கிறதே, அடுத்த முறை அதற்குத்தான். இப்படி, மிச்சமுள்ளவற்றில் அருகில் இருப்பதை உறுதி செய்து, அதன் வழியாக மற்ற தூரங்களைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். உறுதியான ஊரைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. சேர வேண்டிய ஊர் உறுதியானதும் வேலை முடிந்தது.

கையில் பென்சிலும் தாளும் இல்லாததால், தவிர்க்க முடிந்த சிக்கலையெல்லாம் தவிர்த்தே ஆகவேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். 1959இல் அச்சான கட்டுரை மூன்றே பக்கம்.

1957இல் திருமணப் பதிவின்போது தொழில் 'புரோகிராமர்' என்றார். அப்படியொரு தொழிலே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றி 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று பதிவானது. அதே புரோகிராமருக்கு 1972இல் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது.

நிரலின் நடுவே இஷ்டத்துக்கு வேறோரிடம் தாவச் சொல்லும் 'கோ டூ' கட்டளையைச் சாடி 1968இல் அவர் எழுதிய கடிதம் பெரிய சண்டையைக் கிளப்பியது. அதன் காரமான தலைப்பு அவருடையதல்ல. பதிப்பாசிரியர் நிக்லாஸ் விர்த் வைத்தது. ஆனால் டைக்ஸ்ட்ராவின் நாக்கும் லேசுப்பட்டதல்ல. கோபால் என்ற நிரல்மொழியைக் கற்பிப்பதே குற்றம் என்கிற அளவுக்குப் போனவர். அது கொஞ்சம் அதிகம்தான்.

நிரல் சரியா என்பதை ஓட்டிப் பார்த்தல்ல, எழுதும்போதே நிரூபிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சொந்தமாக ஒரு மேக்கின்டாஷ் கணினி வாங்கியதும் காலம் கடந்துதான். அதுவும் மின்னஞ்சலுக்கும் இணையம் பார்ப்பதற்கும். தன் பெயரின் முதலெழுத்துகளோடு எண்ணிட்டு 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். பிற்காலத்தவற்றில் பெரும்பாலானவை பவுன்டன் பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்தில் இருக்கும். நண்பர்களுக்குத் தபாலில் போகும். அவர்கள் ஜெராக்ஸ் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். 2002 ஆகஸ்டில் அவர் இறந்தார். அந்த வருடத்திலும் குறிப்புகளின் எண்ணிக்கை கூடியிருந்தது.