நூல் கட்டும் கலையும் கோடைப் பயிற்சியும்

முன்னுரை

தமிழில் 'நூல்' என்னும் ஒரு சொல்லே இழையையும் பனுவலையும் குறித்து நிற்கிறது. பஞ்சிலிருந்து இழை நூற்கப்படுவது போலச் சொல்லிலிருந்து பனுவல் நூற்கப்படுகிறது என்னும் ஒப்புமையை நன்னூல் விரித்துரைக்கிறது. இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் இதனைக் கற்பிக்கிறோம். மாணவரும் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும், ஊசியும் இழையும் கொண்டு ஒரு நூலைத் தம் கையால் தைத்தறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? நாற்பது வயது வரை யானும் தைத்தறியாதவனே.

அண்மையில் ஒரு கோடை விடுமுறையில், நூற்கட்டுக் கலை குறித்த பத்து நாள் செய்முறைப் பயிலரங்கு ஒன்றில் மாணவனாக அமரும் வாய்ப்புக் கிட்டியது. ஓலை நறுக்குதல், தாள் செய்தல், பாரம் தைத்தல், அட்டை கட்டுதல், வண்ணமும் எழுத்தும் துணியும் கலந்து பக்கம் அமைத்தல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. இப்பயிற்சி வெறும் பொழுதுபோக்கன்று. தமிழ் பயில்வோர்க்கு அது பாடத்தின் ஒரு கூறே என்பதையும், நம் இல்லங்களில் எஞ்சியுள்ள பழைய ஏடுகளைக் காக்கும் வழியும் அதுவே என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலை கற்பிக்கும் பாடம்

பழனியைச் சூழ்ந்த சமவெளியில் பனைக்குக் குறைவில்லை. ஆனால் பனையோலை எழுதும் பொருளாக மாறுவதற்குப் பொறுமை வேண்டும். முற்றாத ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்திச் சமன் செய்தல் வேண்டும். பின்னர்த் துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சியைச் செருகி, மறு துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் சுவடியாகும். எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்த பின்னரே அது கருமை பெற்று எழும்.

இதனைச் செய்து பார்த்தபோதுதான் பதிப்புக் கலையின் ஓர் அடிப்படை உண்மை எனக்குத் தெளிவாயிற்று. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும். ஆதலின் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியைத் தவிர்த்தனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் காட்டப்பெறவில்லை. இந்நிலையில் கொல், கோல், கொல, கோல என்னும் நான்கும் ஏட்டில் ஒரே வடிவில் தோன்றும். எது பொருந்தும் என்பதைப் பொருளும் யாப்பும் நோக்கிப் படிப்பவரே துணிய வேண்டும். பாட வேறுபாடு என்பது அறிஞர்களின் வீண் வழக்கன்று. ஓலையின் இயல்பிலேயே அதன் வேர் இருக்கிறது.

அவ்வாறே, கயிறு அறுந்த சுவடியை மீண்டும் அடுக்கும் துன்பத்தையும் அங்கு உணர்ந்தேன். இருபது ஏடுகளே கொண்ட என் சிறு சுவடியைக் கலைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொன்னார் ஆசிரியர். ஏட்டெண் இடாமையால் அரைமணி நேரம் தடுமாறினேன். உ.வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உழைப்பின் அளவு, பல ஆண்டு விரிவுரையைவிட அந்த அரைமணியில் எனக்கு நன்கு விளங்கியது.

தாளும் தையலும்

ஓலைக்கு அடுத்தது தாள். பருத்தித் துணித் துண்டுகளை ஊறவைத்து, கூழாக அரைத்து, நீரில் கலந்து, வலைச் சட்டத்தால் அள்ளி எடுத்து, பிழிந்து உலர்த்தினால் கைத்தாள் கிடைக்கும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வெட்டுத் துண்டுகள் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. நம் சித்திரை வெயிலும் தாள் உலர்த்த ஏற்றதே.

எந்திரத்தில் செய்த தாளுக்கு நாரோட்டம் உண்டு. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் தாளை மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் அது எளிதாக வளையும். அம்மடிப்பு நூலின் முதுகுக்கு இணையாக அமைதல் வேண்டும். மாறி அமைந்தால் நூல் விறைத்து நிற்கும், திறந்தால் படியாது. நான்கு தாள்களை ஒன்றனுள் ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கங்கள் கொண்ட ஒரு பாரமாகும். மடிப்பின் நடுவே குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் பாரத்தோடு பாரத்தை இணைத்துத் தைக்க வேண்டும். பசையால் மட்டும் ஒட்டப்பட்ட நூல் சில ஆண்டுகளில் தாள் தாளாக உதிரும். கம்பி அடித்த நூலில் துரு ஏறும். முறையாகத் தைத்த நூலோ பிரித்து மீண்டும் தைக்க இடம் தரும். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கமும் நம் கட்டடக்காரர்களிடம் உண்டு.

இத்தொழில் முஸ்லிம் உலகில் உயர்ந்த மதிப்புப் பெற்றிருந்தது. தாள் விற்று, படியெடுத்து, நூல் கட்டி வாழ்ந்தோரை அரபு மொழியில் 'வர்ராக்' என்றனர். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னுந் நதீம் அத்தொழிலைச் சேர்ந்தவரே. தம் காலத்து நூல்களையெல்லாம் தொகுத்துரைக்கும் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் அட்டவணையை அவர் ஆக்கினார். பதினோராம் நூற்றாண்டில் இன்றைய தூனிசியப் பகுதியை ஆண்ட அல் முயிஸ் இப்னு பாதீஸ் பெயரால் வழங்கும் நூலொன்று, எழுதுகோல், மை, தாள், நூற்கட்டு ஆகியவற்றின் செய்முறைகளைக் கூறுகிறது. ஆட்சியாளர் ஒருவரின் பெயரோடு பசையும் தோலும் பற்றிய நூல் இணைந்திருப்பது எண்ணத்தக்கது. அக்கால நூற்கட்டில் பின்னட்டையிலிருந்து நாக்குப் போன்ற ஒரு மடல் நீண்டு, தாள்களின் விளிம்பைப் போர்த்து, முன்னட்டையின் கீழ்ச் செருகப்பெறும். தூசு புகாது, விளிம்பு நசுங்காது. அழகும் பயனும் ஒருங்கே அமைந்த முறை இது.

கலப்பு ஊடகம்

எழுத்து, ஓவியம், துணி, அச்சு ஆகியவற்றை ஒரே பரப்பில் இணைப்பதனைக் கலப்பு ஊடகம் என்பர். இது நமக்கு அயலானதன்று. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக விளங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில், சாதகக் கட்டங்களையும் எழுத்து வடிவங்களையும் ஓவியமாக்கினார். அவர் முயற்சியால் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றியது. 1994இல் கீதா வுல்ஃப் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம், கைத்தாளில் திரை அச்சு முறையில் அச்சிட்டுக் கையால் தைத்த நூல்களை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. கோண்டு ஓவியர் மூவரின் மரங்களைக் கொண்ட அதன் 2006ஆம் ஆண்டு நூலொன்று, 2008இல் இத்தாலியின் போலோக்னா நகரில் பரிசு பெற்றது. அச்செந்திரங்கள் பெருகிய காலத்திலும் கைத்தொழில் நூலுக்கு மதிப்புண்டு என்பதற்கு இது சான்று.

ஒரு வீட்டுக் கிதாபு

இனி, என் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டும். என் பாட்டனார் நாள்தோறும் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று எங்களிடம் இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிக் கல்லச்சில் பதித்த நூல் அது. கல்லூரி மாணவனாக இருந்த நாளில், கிழிந்த பக்கங்களைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செலோ டேப் ஒட்டினேன். அத்தாவும் பாராட்டினார். ஆண்டுகள் செல்லச் செல்ல டேப் பழுப்பேறி, அதன் பிசின் தாளுக்குள் ஊறிக் கறையாயிற்று.

பயிலரங்கு முடிந்து திரும்பியதும், எங்கள் நகரில் கணக்குப் பேரேடு கட்டும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். டேப்பின் முனையைப் பிடித்த என் கையை அவர் தடுத்தார். "இழுக்காதீங்க தம்பி, எழுத்தும் கூட வந்துரும்" என்றார். பின்னர்ப் பழைய தையலைப் பிரித்து, கிழிசல்களில் மெல்லிய தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி, மீண்டும் தைத்துத் தந்தார். நூல் பிழைத்தது. ஆனால் கறை படிந்த மூன்று வரிகளின் ஓரத்தை இன்றும் படிக்க இயலவில்லை. அவற்றை மனப்பாடமாக ஓதிக்காட்டப் பாட்டனாரும் இன்றில்லை. அறியாமையால் நேர்ந்த அவ்விழப்புக்கு நானே பொறுப்பாளி.

செய்யத்தக்கன

மைய அரசு 2003இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம், சுவடியியலிலும் சுவடிப் பாதுகாப்பிலும் நாடெங்கும் பயிற்சிகள் நடத்தியது. அத்தகைய முயற்சியைச் சிறிய அளவில் நாமும் மேற்கொள்ளலாம். ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்து நாள்கள் போதும். முதல் மூன்று நாள் ஓலையும் எழுத்தும். அடுத்த இரு நாள் தாள் செய்தல். அடுத்த மூன்று நாள் தையலும் அட்டையும். எஞ்சிய இரு நாள் ஓவியமும் எழுத்தும் கலந்த சொந்த நூல். ஊசி, நூல், குத்தூசி, மூங்கில் மடிப்புக் குச்சி, இரு பலகைகள், பாரத்துக்குச் செங்கல் ஆகியவையே கருவிகள். நம் நகரின் நூற்கட்டுத் தொழிலாளரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் இருக்கையும் அளித்தல் வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் வேறு தொழில் நாடிச் செல்லும் இந்நாளில், இக்கலையைக் கற்கும் காலம் நீண்டதன்று.

முடிவுரை

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் கோடையில் ஒரேயொரு நூலையேனும் உங்கள் கையால் தைத்துப் பாருங்கள், அதன் பின்னர் எந்த நூலையும் முதுகொடிய விரித்துப் படிக்க மனம் வாராது. பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் ஓலையையும் கிதாபையும் பழந்தாள் என்று எடைக்குப் போட வேண்டா, டேப் ஒட்டவும் வேண்டா. துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்து, எங்கள் துறைக்கு ஒரு சொல் தெரிவியுங்கள். படிக்கவும் படமெடுக்கவும் தைத்துத் தரவும் கற்ற மாணவர்களை உங்கள் வீட்டு வாயிலுக்கு அனுப்புவது எங்கள் கடமையாகும்.